பின்கட்டுக்கும் தெரிகிற படம்

டோரிட் மாலிங்கைப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்கு யாரும் அழைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன், மார்ச் மாத ஆண்டுக்கூட்டத்தில், காபி போட அவள் எழுந்துபோன ஆறு நிமிடத்தில் அது நடந்து முடிந்திருந்தது. அந்தக் குடியிருப்பில் கூட்டத்துக்கு வராதவர்களையும், வந்து நடுவில் எழுந்து போகிறவர்களையும்தான் பொறுப்புகளுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். மறுப்புச் சொல்ல ஆள் இல்லாத வேட்பாளரைப் போல வசதியானவர் யார்? ஃப்ளாஸ்க்கோடு அவள் கூட்டம் நடக்கும் சலவை அறைக்குத் திரும்பியபோது எல்லோரும் கைதட்டினார்கள். காபிக்காக என்று நினைத்து லேசாகத் தலையசைத்தாள். சங்கத் தலைவர் ஃப்ளெமிங் அதையே சம்மதமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"ஆகஸ்ட் கடைசியில மூணு சனிக்கிழமை, மூணு படம். பெரிய வேலை ஒண்ணும் இல்ல டோரிட்."

"எந்த மாதிரி படம்?"

"எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி," என்றார் ஃப்ளெமிங், காபிக்குக் கோப்பையை நீட்டியபடி.

கோபன்ஹேகனின் வடமேற்கு மூலையில், இரண்டு ஐந்துமாடிச் செங்கல் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கிறது அந்த முற்றம். தெருவைப் பார்த்து நிற்பது முன்கட்டு. முற்றத்துக்கு அந்தப் பக்கம் பின்கட்டு. சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னல் இல்லாத இடத்தில் மழைநீர்க் குழாய். படம் காட்ட வெற்றுச் சுவர் கிடையாது. அதனால் துணி காயப்போடும் இரண்டு இரும்புத் தூண்களுக்கு இடையே, முற்றத்தின் சரிபாதியில், வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். முன்கட்டுக்காரர்கள் பெஞ்சு போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இந்தப் பக்கம் உட்காருவார்கள். பின்கட்டுக்காரர்கள் அவரவர் ஜன்னலில் இருந்தபடி அந்தப் பக்கம் பார்ப்பார்கள். வெளிச்சம் துணியை ஊடுருவிப் போவதால் படம் இரண்டு பக்கமும் தெரியும். பின்கட்டுக்கு மட்டும் இடம் வலமாக, வலம் இடமாக.

கீழே வந்து உட்காரக் கூடாது என்று பின்கட்டுக்கு யாரும் சொன்னதில்லை. முதல் வருடம் யார் எங்கே இருந்தார்களோ அது அப்படியே வழக்கமாகிவிட்டது. பின்கட்டு மூன்றாம் மாடி ஏகோன், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர், அதற்குக் காரணமும் வைத்திருந்தார். "என் நாற்காலி, என் கழிப்பறை, என் பீர். கீழ வந்தா இந்த மூணையும் விட்டுட்டு வரணும். எதுக்கு?"

டோரிட் முன்கட்டில் முதல் மாடியில் தனியாக இருந்தாள். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் இருபத்தேழு வருட வேலை. மெழுகில் பல் அடுக்குவதும், ஈறின் நிறம் சேர்ப்பதும், கடிக்கும்போது எது இடிக்கிறது என்று பார்ப்பதும்தான் நாள் முழுக்க. அந்தப் பற்களைப் போட்டுக்கொள்ளும் மனிதர்களை அவள் பார்த்ததே இல்லை. பெட்டியில் அச்சு வரும், பெட்டியில் பல் போகும். சரியாக இருந்தால் ஒரு சேதியும் வராது. சரியில்லை என்றால் மட்டுமே திரும்பி வரும். ஆகவே மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. மணமுறிவுக்குப் பிறகு முற்றத்தில் அவளோடு பேசுகிறவர்கள் வானிலையைப் பேசினார்கள். படப் பொறுப்பு வந்ததிலிருந்து, "இந்த வருஷம் என்ன படம்?" என்று கேட்டார்கள். வருடத்தில் பதினைந்து இருபது தடவை வரும் அந்தக் கேள்விதான் அந்த முற்றத்தில் அவளுக்கு இருந்த இடம்.

முதல் வருடம் அவள் ஒரு தவறு செய்தாள். அல்லது செய்ததாக நினைத்துக்கொண்டாள்.

இரண்டு சகோதரிகள் ஒரு சமையலறையில் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும் பிரெஞ்சுப் படம் ஒன்றைப் போட்டாள். அடியில் டேனிஷ் சப்டைட்டில். படம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். பின்கட்டின் ஜன்னல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. முதலில் ஏகோன் வீடு, பிறகு அதற்குக் கீழே, பிறகு வரிசையாக. ஒன்பதே முக்காலுக்குள் பின்கட்டு முழுவதும் இருண்டு நின்றது. டோரிட் மெல்ல எழுந்து துணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாகப் போயின. ஒரு சொல்லைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. இது தனக்கு முன்பே தோன்றவில்லையே என்ற வெட்கத்தில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

திங்கட்கிழமை குப்பைத்தொட்டிகளுக்கு அருகே ஏகோனைப் பார்த்தாள்.

"நல்ல படம்," என்றார் அவர்.

அந்த முற்றத்தில் எல்லாப் படத்துக்கும் அதைத்தான் சொல்வார்கள். அவள் அதை நம்பவில்லை. கேட்கவும் இல்லை. படம் பாதியில் எழுந்துபோய்ப் படுத்த ஒருவரிடம், ஏன் படுத்தீர்கள் என்று கேட்பது அங்கே நாகரிகமில்லை.

அதிலிருந்து பிறந்தவைதான் அவளுடைய சட்டங்கள். ஒன்பது மணிக்கு முன் வானம் இருட்டாது, பத்தரைக்கு மேல் முற்றத்தில் சத்தம் கூடாது. எனவே படம் தொண்ணூறு நிமிடத்துக்குள். இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதவை மற்றவை. பேச்சு டேனிஷில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படமென்றால் பேச்சே இருக்கக் கூடாது, அல்லது பேசாமலே விளங்க வேண்டும். கதையில் யாரும் முக்கியமான கடிதத்தைத் திறந்து காட்டக் கூடாது. கடிகாரம், பெயர்ப்பலகை, செய்தித்தாள் தலைப்பு எதிலும் முடிச்சு இருக்கக் கூடாது. சிறிய சங்கங்களுக்கு அனுமதி கிடைக்கும் நானூறு படங்களின் பட்டியலில், இந்தச் சல்லடையைப் போட்டால் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சும். அவற்றை வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதிப்பாள். டி.வி.க்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, எதிரே கூடத்து ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்துவைத்து, அதில் தெரியும் படத்தை முழுக்கப் பார்ப்பாள். பின்கட்டுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. நோட்டில் இரண்டே கட்டம்: ஒன்றில் நிமிடம், இன்னொன்றில் 'பின்' என்று எழுதி ஒரு சரி அல்லது ஒரு தவறு.

இப்படி எட்டு வருடம். பனியில் நடக்கும் மனிதன், ஆட்டு மந்தை, கலங்கரை விளக்கம், டேனிஷ் குரல் கொடுத்த குழந்தைப் படங்கள், பழைய டேனிஷ் நகைச்சுவை. படம் ஓடும்போது அவள் பின்கட்டையே பார்த்திருப்பாள். விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். எரிந்தால் ஆள் விழித்திருக்கிறது. அவளுக்கு அது போதும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் சேர்ந்துகொண்டது. குப்பைத்தொட்டி அருகிலோ சலவை அறையிலோ படப் பேச்சு வந்தால் இரண்டு கட்டும் சண்டை போடும்.

"அந்த இடதுகை டாக்டர் படம் மாதிரி ஒண்ணு போடு டோரிட்," என்றார் ஏகோன் ஒருமுறை.

"எந்த இடதுகை டாக்டர்?" என்றார் ஃப்ளெமிங்.

"தீவுல ஒத்தையா இருப்பானே. இடது கையால தையல் போடுவானே."

"வலது கை ஏகோன். நான் முன்வரிசையில உக்காந்து பாத்தேன்."

"நீ எங்க உக்காந்தா என்ன. அவன் இடதுகைக்காரன். அதனாலதான் அந்தத் தையல் கோணலா வரும். அதான் கதையே."

"கோணலாவே வரல."

இருவரும் டோரிட்டைப் பார்த்தார்கள். அவளும் அந்தப் படத்தை முதலில் கண்ணாடியில்தான் பார்த்திருந்தாள். "இடது கைன்னுதான் எனக்கும் ஞாபகம்," என்றாள். முன்கட்டு ஆளே இப்படிச் சொன்னதில் ஃப்ளெமிங் இரண்டு நாள் வருத்தமாக இருந்தார்.

இந்த வருட மார்ச் கூட்டத்தில் அவள் காபி போட எழவில்லை. ஆனால் ஆபத்து எதிரில் உட்கார்ந்திருந்தது. முன்கட்டுத் தரைத்தளத்துக்குப் புதிதாக வந்த யெப்பே. முப்பத்து நான்கு வயது, இரண்டு குழந்தைகள், முன்னால் பெட்டி வைத்த சைக்கிள், எதையும் சொல்லிவிடும் வாய்.

"தப்பா எடுத்துக்காதீங்க டோரிட். போன வருஷம் மூணு படத்துலயும் சேத்து மொத்தம் நாப்பது வார்த்தைதான் பேசினாங்க. என் பொண்ணு, 'அப்பா, சவுண்ட் கெட்டுப்போச்சா'ன்னு கேட்டா."

சலவை அறை சிரித்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தவர்களை டோரிட் கவனித்தாள். சிரித்தது முன்கட்டு மட்டும் இல்லை.

"எல்லாரும் போன்லயே ஓட்டுப் போடலாம். நான் செஞ்சு தரேன். அதிக ஓட்டு வாங்கற படம். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல," என்றான் யெப்பே.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். துணிக்குப் பின்னால் பதினெட்டு வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்காகத்தான் இந்தச் சல்லடை என்று. ஆனால் பின்கட்டுக்காரர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், உங்களால் படிக்க முடியாதே என்று எட்டு வருடம் நான் பரிதாபப்பட்டேன் என எப்படிச் சொல்வது? அவள் மேஜையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கினாள்.

ஃப்ளெமிங் வழக்கம்போல நடுவில் கோடு கிழித்தார். "இந்த வருஷம் ரெண்டு படம் ஓட்டுல. மூணாவது டோரிட் எடுக்கட்டும். எது நல்லா போகுதுன்னு பாத்துட்டு அடுத்த வருஷத்துக்கு யார்னு அக்டோபர்ல முடிவு பண்ணுவோம்."

அக்டோபரில் முடிவு என்றால் என்ன முடிவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரவு படுக்கையில், "இந்த வருஷம் என்ன படம்?" என்று இனி யெப்பேயிடம் கேட்பார்கள் என்று நினைத்தாள். பிறகு, பின்கட்டு மறுபடி இருட்டிவிடும் என்று நினைத்தாள். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

ஜூலையில் ஓட்டு முடிவு வந்தது. முதல் சனிக்கிழமைக்கு டேனிஷ் குரல் கொடுத்த கார்ட்டூன். இரண்டாவது சனிக்கிழமைக்கு ஒரு போர்த்துக்கல் படம். நீதிமன்ற எழுத்தர் ஒருவருக்கும் அவருடைய மாமியாருக்கும் நடக்கும் வாக்குவாதம், எண்பத்தெட்டு நிமிடம், மூச்சு விடாத பேச்சு. டோரிட் அன்று மாலையே யெப்பேயின் கதவைத் தட்டினாள். அவன் கையில் மீன் பொரிக்கும் கரண்டியோடு வந்தான்.

"அந்த ரெண்டாவது படம்," என்றாள். "அதுல சப்டைட்டில் இருக்கே."

"போர்த்துகீஸ் படம். இல்லாம எப்படி?"

"பின்கட்டுக்கு அது திருப்பித் தெரியும். படிக்க முடியாது."

யெப்பே யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், அவன் கெட்டவன் இல்லை. "அப்ப கீழ வரட்டுமே. பெஞ்சு போட்டுடலாம்."

"வர மாட்டாங்க."

"கேட்டீங்களா?"

அவள் அவன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றான் அவன், குரலைத் தணித்து. "அந்தப் படத்துக்கு முப்பத்தாறு ஓட்டு. அதுல இருபத்திரண்டு பின்கட்டு ஓட்டு. அவங்கதான் கேட்டிருக்காங்க, நான் இல்ல."

அவர்களுக்கு அது வேற்றுமொழிப் படம் என்று தெரிந்திருக்காது என்று முடிவு செய்துகொண்டு டோரிட் மாடியேறினாள். மீன் கருகும் வாசனை படிக்கட்டு வரை வந்தது.

கார்ட்டூன் நடந்தது; குழந்தைகள் கத்தின; முடிந்தது. இரண்டாவது சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. பெஞ்சுகளில் அறுபது பேருக்குக் குறையாது. டோரிட் வழக்கம்போல ஓரமாக, ஒயரைக் குழந்தைகள் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும் சாக்கில், துணியின் விளிம்பருகே நின்றாள். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

ஒன்பது பத்துக்கு எழுத்தர் தன் மாமியாரிடம் முதல் வாக்கியத்தைப் பேசினார். ஒன்பது பன்னிரண்டுக்கு ஏகோன் வீட்டு விளக்கு அணைந்தது. அதற்குக் கீழ் வீடு. பக்கத்து வீடு. டோரிட் எண்ணினாள். ஒன்பதேகாலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் வருடம் இதற்கு இருபத்தைந்து நிமிடமாவது ஆனது. இந்த முறை மூன்று.

சரி, என்று நினைத்தாள். இனி யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. பின்கட்டே சொல்லிவிட்டது.

ஆனால் இருட்டுக்குக் கண் பழகியதும் வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் சிறியதாக ஒரு வெளிச்சம். டி.வி. போட்டுக்கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமை இரவு, அதில் தவறொன்றும் இல்லை. அந்த வெளிச்சங்கள் நீலமாயின. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் மஞ்சளாயின. மறுபடி நீலம். பதினெட்டு வீடும் ஒரே சேனலா? அவள் துணியைப் பார்த்தாள். மாமியார் மஞ்சள் சமையலறையிலிருந்து நீல வராந்தாவுக்கு வந்திருந்தாள்.

டோரிட் துணியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

பின்கட்டின் ஜன்னல்களில் ஒரு முகம்கூட இல்லை. பிடரிகள் இருந்தன. நரைத்த பிடரி, கொண்டை போட்ட பிடரி, வழுக்கையின் பின்புறம். எல்லோரும் முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே, அலமாரிக் கதவிலிருந்து கழற்றியதோ குளியலறையிலிருந்து எடுத்ததோ, ஒரு கண்ணாடி. அதில் சின்னதாக, நேராக, படம்.

முதல் மாடியில் கொண்டை போட்ட பிடரி அய்ஃபெருடையது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், பிறந்ததிலிருந்து பின்கட்டு. கண்ணாடிக்குள்ளிருந்து அவளுடைய கண்கள் டோரிட்டைக் கண்டுபிடித்தன.

"டோரிட், கொஞ்சம் நகருங்க," என்றாள், திரும்பாமலே. "உங்க தலை சப்டைட்டிலை மறைக்குது."

டோரிட் நகர்ந்தாள். "இது யாரோட யோசனை?"

"என்னோடதுதான். நாள் முழுக்க பஸ்ல கண்ணாடியிலதான் மனுஷங்கள பாக்கறேன். இது என்ன பெரிசு? ஷ்ஷ். கிழவி இப்ப உயிலப் பத்திப் பேசப்போறா."

மேலே யாரோ சிரித்தார்கள். ஒரு நொடி கழித்து முன்கட்டும் சிரித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து. டோரிட் மிதிவண்டிக் கொட்டகையின் சுவரில் சாய்ந்துகொண்டாள். எட்டு வருடமாக அவளும் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி வைத்துத்தான் பார்த்தாள். நேராக இருந்ததைப் புரட்டிப் பார்க்க. புரண்டதை நேராக்கவும் அதே கண்ணாடி போதும் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் துணியை இறக்கி மடிக்க ஏகோன் வந்தார். இரண்டு மூலையை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டை அவள். பனி ஈரம் இன்னும் இருந்தது.

"நல்ல படம்," என்றார்.

"ஏகோன், ஒண்ணு கேக்கலாமா?" இதைக் கேட்க அவளுக்குப் பத்தாவது கோடை வரவேண்டியிருந்தது. "முதல் வருஷம் ஒரு பிரெஞ்சுப் படம் போட்டேன். பாதியிலயே எல்லாரும் விளக்க அணைச்சுட்டுப் படுத்துட்டீங்க."

"யார் படுத்தா?"

"நான் பாத்தேனே. ஒவ்வொரு விளக்கா அணைஞ்சுது."

ஏகோன் தம் மூலைகளைச் சேர்த்தார். "விளக்கு எரிஞ்சா எழுத்து தெரியாதும்மா. வெளிச்சம் கண்ணாடி ஜன்னல்ல அடிக்கும். அதான் அணைச்சோம். திருப்பிப் போட்ட எழுத்தப் படிக்கறது ஒரு பழக்கம்தான். மொதப் பத்து நிமிஷம் கஷ்டம், அப்புறம் வந்துடும். ரெண்டாம் மாடி நீல்ஸ் சத்தமா வாசிப்பான், நாங்க தப்பத் திருத்துவோம். நாலு மாசம் அந்தப் படத்தப் பத்தியேதான் பேச்சு."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னேனே. நல்ல படம்னு."

துணி இப்போது பாதியாக மடிந்து இருவருக்கும் நடுவில் தொங்கியது. அடுத்த கேள்வி அவளுக்கு வேண்டாமாக இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"அதுக்கு அப்புறம் போட்ட படமெல்லாம்? அப்ப விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்குமே."

ஏகோன் மழைநீர்க் குழாயைப் பார்த்தார். "சீட்டு ஆடுவோம்," என்றார். "நடுநடுவுல எட்டிப் பாப்போம். ஆடு அங்கயேதான் நிக்கும்."

"எட்டு வருஷமா?"

"உனக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும்னு நெனச்சோம். தனியா இருக்கறவ, யாரும் பேசாத படமா எடுக்கறா, அதுல அவளுக்கு ஏதோ இருக்குன்னு அய்ஃபெர் சொன்னா. மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டோம். விளக்க மட்டும் அணைக்கல. தூங்கிட்டோம்னு நீ நெனச்சுடக் கூடாதில்ல."

டோரிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பெட்டியில் போன பல் செட்டுகளில் எத்தனை, வலிக்கிறது என்று சொல்லாமலே யாராவது போட்டுக்கொண்டிருப்பார்களோ என்ற நினைப்பு மட்டும் வந்து போனது.

"எனக்கும் அந்த ஆடு பிடிக்காது," என்றாள்.

ஏகோன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உனக்கு என்னதான் பிடிக்கும்?"

அவள் துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். மூன்றாவது சனிக்கிழமைக்கு அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தது, ஒரு கிழவர் படகு செய்யும் எழுபத்தாறு நிமிடப் படம். மொத்தம் நான்கு வசனம். மாற்ற வேண்டுமென்றால் அனுமதிக்குச் செவ்வாய் மதியத்துக்குள் எழுத வேண்டும்.

ஞாயிறு மாலை நோட்டை எடுத்தாள். நிமிடம், பின். நிமிடம், பின். நூற்றுக்கு மேல் படங்கள். எது தனக்குப் பிடித்தது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. நானூறு பெயர்களின் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். எல்லாப் பெயரிலும் முதலில் நிமிடம்தான் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை வேலைக்கூடத்தில் ஒரு மேல்வரிசைப் பல்லுக்கு ஈறு பூசிக்கொண்டிருந்தபோது, எட்டு வருடத்தில் ஒரு கண்ணாடியும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல் தியேட்டரில் பார்த்த படம் எது என்று யோசித்தாள். ஒன்று இருந்தது. ஒரு பிப்ரவரியில், சும்மா குளிருக்கு ஒதுங்கப் போய்ப் பார்த்த ஹங்கேரியப் படம். சிற்றூர் கால்நடை மருத்துவர் ஒருத்தி, ஊராட்சிக்குப் புகார்க் கடிதங்கள் எழுதுகிறாள்; எழுதியதை மாடுகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். ஒருவரும் பதில் போடுவதில்லை. அன்று பேருந்தை மறந்து வீடுவரை நடந்தே வந்திருந்தாள். நூற்று நான்கு நிமிடம். கடிதம், கடிகாரம், பெயர்ப்பலகை, அவளுடைய எல்லாச் சட்டத்தையும் மீறும் படம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு எழுதி அனுப்பினாள். மாலையில் முற்றத்து அறிவிப்புப் பலகையில் படகுத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளைக் குண்டூசியால் குத்தினாள். குழந்தைகளைச் சைக்கிள் பெட்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த யெப்பே வந்து நின்று படித்தான்.

"நூத்தி நாலு நிமிஷம். தொண்ணூறுக்கு மேல ஒத்துக்க மாட்டீங்கன்னு ஃப்ளெமிங் சொன்னாரே."

"ஒம்போதுக்கு ஆரம்பிக்கறோம்."

"பதினாலு நிமிஷம் மேல போகும்."

"போகும்."

"நல்ல படமா?"

"தெரியல. பாதிப் பேருக்குப் பிடிக்காது."

யெப்பே தாடியைச் சொறிந்தான். "ஓட்டுக்கு விட்டிருந்தா இது நாலு ஓட்டு வாங்கியிருக்காது டோரிட்."

"அதனாலதான் விடல," என்றாள். "உங்க ரெண்டு படத்த நீங்க ஓட்டுக்கு விடுங்க. அடுத்த வருஷமும் விடுங்க. ஒண்ணு எனக்கு வேணும். அக்டோபர்ல நான் அதத்தான் கேக்கப்போறேன்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் கேட்டதில்லை. "சரி," என்றான். "நான் கை தூக்கறேன்."

சனிக்கிழமை லேசாகக் காற்று இருந்தது. துணி அவ்வப்போது மூச்சு விட்டது. பெஞ்சுகளில் நாற்பது பேர். டோரிட் ஓரத்தில் நிற்காமல் மூன்றாவது வரிசையில் ஒரு முனையில் உட்கார்ந்தாள். பாதியில் இரண்டு குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போயின. யெப்பே கொஞ்சம் தூங்கினான். பின்கட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. துணி நடுவில் இருந்தது.

பத்தரைக்கு ஃப்ளெமிங் குனிந்தபடி அவளிடம் வந்தார்.

"மணி ஆச்சு. இன்னும் எவ்வளவு?"

"பதினாலு நிமிஷம்."

"நிறுத்திடலாமா? விதி இருக்கில்ல."

"இருக்கு. நிறுத்தாதீங்க."

ஃப்ளெமிங் என்ன செய்வதென்று தெரியாமல், விதிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார்; போய்ச் சத்தத்தைக் குறைத்தார். மருத்துவரின் குரல் தேய்ந்தது. அவள் புரியாத மொழியில்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் அப்படியே தெரிந்தன. படிக்க ஒரு தடையும் இல்லை.

"யார் அங்க குறைச்சது?" துணிக்கு அந்தப் பக்கம், மூன்றாம் மாடி உயரத்திலிருந்து ஏகோனின் குரல் வந்தது. "கூட்டு. மாடு கத்தறது கேக்கல."

டோரிட் எழுந்தாள். ஒலிபெருக்கிக்குப் போய்ச் சத்தத்தைப் பழைய அளவுக்கு வைத்தாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு புள்ளி கூட்டினாள். திரும்பி வந்து கம்பளியை முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கால்நடை மருத்துவர் அடுத்த கடிதத்தைத் தொடங்கியிருந்தாள்.